எட்டு என்று போட்டிருந்த இடம்

அன்பு ராசாவுக்கு,

போடியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் முதலில் பேனாவைத் தொட்டேன். எழுதிவிட்டுப் பார்த்தால் எனக்கே சிரிப்பாக வந்தது. இந்த வீட்டில் எல்லாரும் என்றால் நான் ஒருத்திதான். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்திருக்கிறேன். நீயும் மருமகள் எஸ்தரும் பம்பாய்க்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததாக உன் கார்டு கிடைத்தது. சந்தோஷம். பதிலுக்கு நானும் ஒரு கார்டு போட்டிருக்கலாம். ஆனால் எனக்கு உன்மேல் ஒரு கோபம் இருக்கிறது, அதை எழுதக் கார்டில் இடம் பத்தாது. ஆகவே ஒரு லீவு நாளில் உட்கார்ந்து நிதானமாகப் படி. எஸ்தரும் கூட உட்கார்ந்து படிக்கட்டும். இதில் அவளுக்கும் பங்கு உண்டு.

கோபம் நம் வீட்டுப் பியானோவிலிருந்து கிளம்பியது. நீ பிறப்பதற்கு முன்பே அது இங்கே வந்துவிட்டது. மலைமேல் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது பங்களாச் சாமான்களை எல்லாம் ஏலம் விட்டார்கள். உன் அப்பா அன்றைக்கு ஏலக்காய் பார்க்க மலைக்குப் போயிருந்தார். ஏலம் வாங்கப் போன மனுஷன் ஏலத்தில் பியானோ வாங்கிக்கொண்டு வந்து நின்றார் என்று கடைவீதியே சொல்லிச் சிரித்தது. கம்புகளைக் குறுக்கே கட்டி ஆட்கள் தோள்மேல் வைத்து மலை மெட்டுப் பாதை வழியாக இறக்கினார்கள். முன்னால் நடந்துவந்த அப்பா, சாமி தூக்குகிற மாதிரி தூக்குங்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாராம். ஒரு வேதக்காரர் வாயிலிருந்து இப்படி வரலாமா என்று நம் சபை உபதேசியார் வருத்தப்பட்டார். எனக்கோ வருத்தப்பட நேரமில்லை. போர்டிங் பள்ளியில் வாசித்துப் பழகிய பிறகு நான் பியானோவைக் கண்ணால் பார்த்தே வருஷக்கணக்காகியிருந்தது. ஆட்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்குக்கூட எழுந்திருக்காமல் அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் கோயில் பாட்டுகள்தான். பள்ளியில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த மிஷன் அம்மா பாட்டுப் புத்தகத்தைத் தாண்டி ஒரு பக்கம் காட்டியதில்லை. நோட்டுப் பார்த்து வாசிக்க நன்றாக வரும், நாலு குரலையும் இரண்டு கையில் கொண்டுவந்துவிடுவேன், அவ்வளவுதான். பியானோவோடு வந்த முக்காலியின் மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு பெட்டி. அதில் செல்லரித்த பாட்டுத் தாள்கள் கிடந்தன. அவற்றில் முழுசாக இருந்தது ஒன்றே ஒன்று. அட்டையில் ஒரு பெண் பாவாடையைச் சுழற்றிக்கொண்டு நிற்பாள், பக்கத்தில் ஒருவன் பிடில் வாசிப்பான். ஹங்கேரி தேசத்துக் கிராமத்து ஆட்டங்களை வைத்துப் பியானோவுக்குக் கட்டியது என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. ஹங்கேரி எங்கே இருக்கிறது என்று உன் அப்பாவைக் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, எங்கே இருந்தால் என்ன, அங்கே நம் ஏலக்காய் போயிருக்கும் என்றார்.

உள்ளே திறந்து பார்த்தால் எறும்பு மொய்த்த மாதிரி நோட்டு. முதல் பாதி மெதுவாகப் போகும், ஒரு மனுஷன் நெஞ்சில் கனத்தோடு எழுந்து நடக்கிற மாதிரி. இரண்டாம் பாதியில் அதே மனுஷன் எல்லாவற்றையும் உதறிப்போட்டு ஆட ஆரம்பிப்பான். ஆட்டம் ஏற ஏற விரல்களுக்கு மூச்சு வாங்கும். கோயில் பாட்டு வாசித்த கைக்கு இது எட்டாத காரியம் என்று முதல் நாளே தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகு விட முடியவில்லை, என் குணம்தான் உனக்குத் தெரியுமே. முன்கூடத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஏலக்காய் ஆய்ந்துகொண்டிருப்பார்கள். சொளகில் காய் உருளுகிற சத்தம் விடாமல் கேட்கும். நான் உள்ளே ஒரே வரியைத் திரும்பத் திரும்பத் தட்டுவேன். இடது கையைத் தனியாக, வலது கையைத் தனியாக, பிறகு இரண்டையும் சேர்த்து. பேச்சியம்மாதான் அந்தக் கூட்டத்தில் வாய்க்காரி. சுருளிப்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். ஹங்கேரி அவள் வாயில் சிங்காரி ஆகிவிட்டது. மொதலாளியம்மா இன்னைக்கும் சிங்காரி பாட்டுல சிக்கிக்கிட்டாக என்று மற்றவர்களிடம் சொல்லுவாள். சிக்கினது உண்மைதான். ஆடிக் காற்று வீசுகிற மாசங்களில் ஈரத்துக்குப் பியானோக் கட்டைகள் உப்பி, அமுக்கினது எழுந்திருக்காது. அதையும் நகத்தால் தூக்கிவிட்டுக்கொண்டு வாசித்தேன்.

எல்லா இடங்களும் மெல்ல மெல்ல வசத்துக்கு வந்தன, ஒரு இடத்தைத் தவிர. ஆட்டம் உச்சிக்கு ஏறும்போது, நோட்டுக்கு மேலே 8 என்று ஒரு எண் போட்டு, அதிலிருந்து புள்ளி புள்ளியாக ஒரு கோடு வரி முடியும்வரை ஓடும். எனக்கு அதைப் பார்த்ததும் சந்தேகமே வரவில்லை. எங்கள் பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு ராகத்துக்கும் மேலே அப்படித்தான் எண் போட்டிருக்கும். எட்டு, ஏழு, எட்டு, ஏழு என்றிருந்தால் முதல் அடிக்கு எட்டு அசை, அடுத்த அடிக்கு ஏழு அசை என்று அர்த்தம். அதைப் பார்த்துத்தான் எந்த ராகத்துக்கு எந்தப் பாட்டுப் பொருந்தும் என்று கண்டுபிடிப்போம். இங்கே எட்டுப் போட்டுப் புள்ளி வைத்துக்கொண்டே போயிருக்கிறான், அப்படியானால் கடைசிவரை எட்டு எட்டாகப் போகச் சொல்லுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். ஆடிக்கொண்டிருந்தவன் அந்த இடத்தில் மட்டும் நின்று, நிதானமாக எட்டு எட்டு அசையாக ஜெபிக்கிறான். எவ்வளவு பக்தியுள்ள தேசம் என்று நினைத்து எனக்குக் கண்கூடக் கலங்கியது.

அந்த இடத்தில் இன்னொரு தொல்லையும் இருந்தது. எழுதியிருக்கிறபடி வாசித்தால் இரண்டு கையும் ஒரே இடத்தில் வந்து இடித்துக்கொள்ளும். வலது கையின் கட்டைவிரல் இடது கையின் முதுகில் ஏறும். எந்தக் கையை எடுப்பது, எதை நுழைப்பது என்று தெரியாமல் கட்டியவனைத் திட்டித் தீர்த்தேன். பிறகு இதுதான் பெரிய வித்தை போலிருக்கிறது, இதைத் தாண்டினவர்தான் வாசிக்கத் தெரிந்தவர் என்று முடிவு கட்டினேன். இடது கையைத் தாழ்த்தி, வலது கையை அதன்மேல் வளைத்து, யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு வழியை நானே உண்டாக்கினேன். நீ வயிற்றில் இருந்தபோது தொடங்கிய வேலை, நீ பள்ளிக்கூடம் போகிற காலத்தில்தான் ஒரு வழியாகக் கூடிவந்தது. அன்றைக்கு நான் பட்ட பெருமை கொஞ்சமில்லை.

உன் அப்பாவுக்குச் சங்கீதம் தெரியாது. ஏலக்காயை மூக்கில் வைத்துப் பார்த்து எந்த மலைக் காய் என்று சொல்லுவார், பாட்டில் அந்த வேலை நடக்காது. ஆனால் கடையை அடைத்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்து கடைசிவரை கேட்பார். ஒருநாள் கேட்டு முடித்துவிட்டு, "மத்ததெல்லாம் ஆட்டமா இருக்கு. அந்த எடம் வந்தா மட்டும் வேதக்கோயிலுக்குள்ள நொழஞ்ச மாதிரி இருக்கு" என்றார். நான் பூரித்துப்போனேன். ஜெபத்தை ஜெபமாகக் கேட்கிற காது இந்த மனுஷனுக்கு இருக்கிறதே என்று, மறுநாளிலிருந்து அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் மெதுவாக வாசிக்கத் தொடங்கினேன். அவர் அதைப் புகழ்ந்து சொன்னாரா, இடிக்கிறது என்று சொன்னாரா? இப்போது கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. ஒரு தடவை சபையைப் பார்க்க ஒரு மிஷன் அம்மா வந்தபோது, உபதேசியார் நம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். அவளுக்கு முன்னால் முழுசையும் வாசித்துக் காட்டினேன். அந்த இடம் வந்தபோது டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முடிந்ததும் மிகவும் அழகு என்று சொல்லிக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அந்தப் பார்வையை ஆச்சரியம் என்று நினைத்து நான் வெகுநாள் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

நீயும் அதைத்தான் கேட்டு வளர்ந்தாய். பியானோவுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு என் காலைப் பிடித்து மிதிகட்டையில் வைத்து விளையாடுவாய். அந்த இடம் வந்ததும் வெளியே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, நற்கருணைக்குப் போகிற பெரியவர்களைப் போல முகத்தைத் தொங்கப்போட்டு, கூடத்தைச் சுற்றி எட்டு வைத்து நடப்பாய். பெண்கள் சொளகை வைத்துவிட்டுச் சிரிப்பார்கள். உன் அப்பா மலைக்காய்ச்சலில் போன பிறகு சித்தப்பா வியாபாரத்தைத் தேனிக்கு எடுத்துக்கொண்டு போனார். ஆய்கிற பெண்களும் வேறு வேறு வேலைக்குப் போனார்கள். நீ படிக்க மெட்ராசுக்குப் போனாய். யுத்தத்துக்கு இரும்பு வேண்டும் என்று ரயில் தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள், மதுரையிலிருந்து பியானோ சுருதி பார்க்க வருகிறவரும் நின்றுபோனார். கூடம் பெரிதாகிக்கொண்டே போன மாதிரி எனக்கு இருந்தது. அந்தப் பெரிய கூடத்தில் நான் மட்டும் தினமும் ஹங்கேரிக்காரனை நடுவில் நிறுத்தி ஜெபிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

இனி உன் விஷயம். கல்யாணம் முடிந்து நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்து தங்கினீர்கள். எனக்கென்று ஒரு கிராமபோன் பெட்டியும் நாலைந்து ரெக்கார்டும் கொண்டுவந்தாய். அம்மாவுக்குப் பேச்சுத்துணை என்றாய். நீங்கள் புறப்படுகிற அன்று காலையில் எஸ்தர் தோசையை என் தட்டில் வைத்துக்கொண்டே, "அத்தே, அந்த ஹங்கேரி ரெக்கார்டப் போட்டுக் கேட்டீகளா? மெட்ராசுல கடை கடையா ஏறி எறங்கித் தேடி வாங்குனாகளாம்ல" என்று கேட்டாள். நான் உன்னைப் பார்த்தேன். நீ அவளைப் பார்த்தாய். அது வழியிலேயே உடைந்துபோயிற்று என்று தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். எஸ்தர் தேனி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற வீட்டுப் பெண், எதையும் ஒளிக்கத் தெரியாது. வாயைத் திறந்து என்னவோ சொல்லவந்தவள், உன் பார்வையைப் பார்த்து அடங்கி, தோசைக்கல்லுக்குத் திரும்பிவிட்டாள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ விளையாட்டு என்று நான் விட்டுவிட்டேன்.

நீங்கள் போன அந்த வாரம், உன் பழைய சட்டைகளைப் பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு வைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். சட்டைகளுக்கு நடுவில் காகித உறையோடு ரெக்கார்டு இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. உடைந்ததென்று நினைத்ததை முழுசாகப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. உடனே பெட்டியில் வைத்துச் சாவியைச் சுற்றினேன். ஒரு பக்கத்தில் மெதுவான பாதி. யாரோ ஒருவர், ஆணோ பெண்ணோ, கடலுக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நான் வாசிக்கிறதை வாசித்தார். நான் தயங்குகிற இடத்தில் அவரும் தயங்கினார். இத்தனை வருஷத்தில் இந்தப் பாட்டை என்னைத் தவிர இன்னொருவர் வாசித்து நான் கேட்டதே இல்லை. திருப்பிப் போட்டேன். ஆட்டம் ஏறிக்கொண்டே போயிற்று. இதோ வந்துவிட்டது என்று ஜெபத்துக்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஜெபம் வரவில்லை. அந்த மனுஷன் நிற்கவே இல்லை. எங்கேயோ உயரத்தில், கண்ணாடி வளையலை அள்ளிக் கொட்டினது போல ஒரு சத்தம் சிரித்துக்கொண்டு ஓடிற்று. வேறு பாட்டை ஒட்டிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊசியைத் தூக்கித் தூக்கி வைத்துக் கேட்டேன். பிறகு பியானோவுக்குப் போய் அந்தச் சத்தத்தைத் தேடினேன். என் கை இதுவரை போகாத வலது கோடியில் அது இருந்தது. நான் வாசித்த அதே நோட்டு, எட்டாவது கட்டைக்குத் தள்ளி, மேலே. தாளை எடுத்துப் பார்த்தால் அங்கே அந்த எட்டு உட்கார்ந்திருந்தது. எட்டு அசையும் இல்லை, ஜெபமும் இல்லை. எட்டுக் கட்டை மேலே போ என்று வழிகாட்டியிருக்கிறான். தமிழாக நினைத்துப் படித்திருந்தால்கூடத் தப்பித்திருப்பேன், ராசா. எட்டு என்றுதானே போட்டிருந்தது? எட்டியிருக்கலாம். மேலே போயிருந்தால் கையும் கையும் இடித்திருக்காது. நான் வருஷக்கணக்காகப் பாடுபட்டுத் தாண்டிய அந்தப் பெரிய வித்தை, இல்லாத ஒன்று.

வெட்கமாகத்தான் இருந்தது. மிஷன் அம்மா கோப்பையைக் கீழே வைத்தது ஞாபகம் வந்து காது சூடாயிற்று. அந்த வெட்கம் தணிந்த பிறகு உன்னை நினைத்தேன். கடையில் போட்டுக் கேட்காமல் நீ ரெக்கார்டு வாங்குகிறவன் இல்லை. அந்த இடம் வரும்போது நீயும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பாய். நீ சின்னப் பிள்ளையில் சுற்றிச் சுற்றி நடந்த அந்த நடை பாட்டிலேயே இல்லை என்று, ஜனம் நெருக்குகிற மெட்ராஸ் கடைவீதியில், யாரிடமும் சொல்ல முடியாமல் நீ மட்டும் தெரிந்துகொண்டிருப்பாய். ஆசையாக வாங்கிவிட்டாய். வாங்கினதைக் கொடுக்கக் கை வரவில்லை. அம்மா உடைந்துபோவாள் என்று நினைத்து, ரெக்கார்டு உடைந்துவிட்டது என்று சொல்லிவிட்டாய். உனக்கு அந்த நேரத்தில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

அழுகைக்குப் பின்னால் கோபம். நான் தப்பாக வாசித்ததை நீ கண்டுபிடித்ததற்காக இல்லை. கண்டுபிடித்தும் என்னிடம் சொல்லாமல் போனதற்காக. பக்கத்தில் ஆள் இல்லாததைத்தான் தனிமை என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். கூடம் நிறையப் பெண்கள் இருந்தார்கள், அப்பா இருந்தார், நீ காலடியில் இருந்தாய், அப்போதும் இந்தப் பாட்டில் நான் தனியாகத்தான் இருந்திருக்கிறேன். இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க, தேவதானப்பட்டியிலிருந்து இங்கே வரைக்கும், அம்மா இது தப்பு என்று சொல்ல ஒரு ஜீவன் இல்லை. தெரியாதவர்கள் சொல்லவில்லை, அது அவர்கள் குற்றமில்லை. தெரிந்த மிஷன் அம்மா மரியாதைக்காகச் சொல்லவில்லை. தெரிந்த என் மகன் பிரியத்தினால் சொல்லவில்லை. கண்ணாடிச் சாமானைத் துணியில் சுற்றிப் பரணில் வைக்கிற மாதிரி என்னை வைத்துவிட்டாய். பத்திரமாகத்தான் இருக்கிறேன். ஆனால் பரணில் இருக்கிறேன்.

கோபம் தீர்கிறவரை பியானோவைத் தொடக்கூடாது என்று உட்கார்ந்திருந்தேன், சாயங்காலத்துக்குமேல் தாங்கவில்லை. அன்றைக்கே ஆரம்பித்தேன், முதலிலிருந்து. சொன்னால் சிரிப்பாய், ஆட்டத்தின் மற்ற இடமெல்லாம் கை தானாக ஓடுகிறது, அந்த இடம் வந்ததும் பழக்கப்பட்ட மாடு தொழுவத்துக்குத் திரும்புகிற மாதிரி நடுக் கட்டைக்கு வந்து நின்றுகொள்கிறது. நாலு நோட்டை மட்டும் எடுத்து, உடம்பைச் சாய்த்து, கையை வலது கோடிக்குக் கொண்டுபோய் வைப்பதும் எடுப்பதுமாகப் பழகுகிறேன். தோள்பட்டை வலிக்கிறது. அந்தக் கோடிக் கட்டைகளை யாரும் தொடாததால் சிலது பலகையைத் தட்டின மாதிரி டொக்கென்கிறது, ஒன்றிரண்டில் சத்தமே இல்லை. வேகம் இந்த விரல்களுக்கு இனி வருமோ என்னமோ. போன வாரம் பேச்சியம்மா கீரை கொண்டுவந்தவள் வாசலில் நின்று கேட்டாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. ஏன் பாட்டை மாற்றிவிட்டீர்கள் என்றாள். இதுதான் சரியான பாட்டு, முன்னால் வாசித்தது தப்பு என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரியோ தப்போ, முன்ன வாசிச்சதுதேன் நல்லாருந்துச்சு. இது கோழிக்குஞ்சு கத்துற மாதிரி இருக்கு மொதலாளியம்மா" என்று சொல்லிவிட்டுக் கீரைக்கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அன்றைக்கெல்லாம் சந்தோஷம். ஒரு மனுஷி என் முகத்துக்கு நேரே உள்ளதைச் சொல்லி எத்தனை காலமாயிற்று. உட்காரவைத்துக் காபி கொடுக்காமல் விட்டுவிட்டேனே என்றுதான் வருத்தம்.

கல்யாணமான மகனுக்கு அம்மா புத்தி சொல்லுவது வழக்கம், நானும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தோசை போடும்போது எஸ்தரை ஒரு பார்வை பார்த்தாய் அல்லவா, அந்தப் பார்வையை உன் வீட்டுக்குள் இனிமேல் விடாதே. அது கோபமான பார்வை இல்லை என்று எனக்குத் தெரியும். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தாய். ஆனால் அந்தப் பெண் பேச வந்ததை விழுங்கினாள். இரண்டாம் தடவை இன்னும் சீக்கிரமாக விழுங்குவாள். பிறகு உன்னைப் பற்றியதையும் விழுங்கப் பழகிவிடுவாள். அப்புறம் நீ சாம்பாரில் உப்பு அதிகம் என்பதைச் சொல்லமாட்டாய், அவள் உன் சிநேகிதன் ஒருவன் ஆகாதவன் என்பதைச் சொல்லமாட்டாள். சண்டை சச்சரவே இல்லாத வீடு என்று அக்கம்பக்கத்தில் பேர் வாங்குவீர்கள். அவரவர் எட்டை அவரவர் நடுக் கட்டையில் வாசித்துக்கொண்டு காலம் போய்விடும். எஸ்தரு, நீ இதைப் படிக்கிறாய் அல்லவா? உனக்கு வாய் கொடுத்தது பேசுவதற்குத்தான். என் மகன் முகம் சுண்டினால் சுண்டட்டும், சொல்லிவிடு. உன் அத்தை சொன்னேன் என்று சொல்லு.

புத்தி சொன்னவள் இனி தன் பங்குக்கும் ஒன்று சொல்லியாக வேண்டும். அதைத் தள்ளிப்போடத்தான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன் போலிருக்கிறது. நீங்கள் கிளம்பின அன்று, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப்புகையில் ஓடுகிற கரி பஸ்ஸுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள், புறப்பட நேரமாகும் என்று எஸ்தர் ஏறி இடம் பிடித்துவிட்டாள். நீ மட்டும் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "தனியா இருந்துக்கிருவியாம்மா? எங்க கூட வந்துரேன்" என்று கேட்டாய். நான் சிரித்துக்கொண்டே, "எனக்கென்னப்பா, ஊரு இருக்கு, சபை இருக்கு, பியானோ இருக்கு. நீ நிம்மதியாப் போயிட்டு வா" என்றேன். உன் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவைப் பார்த்ததும், சரியாகத்தான் சொல்லியிருக்கிறோம் என்று நானும் திருப்தியோடு வீட்டுக்கு நடந்தேன்.

நான் சொன்னது பொய். சில நாள் எழுந்து முதல் வார்த்தை பேசும்போது மத்தியானம் ஆகிவிடுகிறது, அதுவும் மோர்க்காரியிடம் போதும் என்று சொல்லுகிற ஒரு வார்த்தை. ஒருத்திக்காக உலை வைக்க மனசு வராமல் காலையில் மிச்சமிருந்ததைத் தின்றுவிட்டுப் படுக்கிறேன். காற்றடித்துக் கதவு ஆடினால் யாரோ வந்துவிட்டார்கள் என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன். பழகுகிறேன், பழகுகிறேன் என்று சொல்லிப் பியானோ முன்னால் உட்காருவதில் பாதி, வீட்டில் ஏதாவது சத்தம் கேட்கட்டும் என்பதற்குத்தான். எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை, ராசா. பயமாகவும் இருக்கிறது. உன்னோடு வந்து இருக்க ஆசையாக இருக்கிறது. பியானோவைக் கோயிலுக்குக் கொடுத்துவிடலாம், அதைப் பற்றி நான் யோசித்துவிட்டேன்.

பம்பாயில் உங்களுக்குக் கிடைத்திருப்பது ஒற்றை அறைதான் என்று சித்தப்பா சொன்னார். புதிதாகக் கல்யாணமானவர்கள் நடுவில் கிழவி ஒருத்தி வந்து படுத்தால் எப்படி இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். இடமில்லை என்றால் இடமில்லை என்று எழுது. எஸ்தருக்குப் பிடிக்கவில்லை என்றால் அதை அவளே தன் கையால் எழுதட்டும். அழுவேன். அழுதுவிட்டு எழுந்து உலை வைத்துக்கொள்வேன். பார்க்கலாம் அம்மா, யோசித்துச் சொல்லுகிறேன் என்று மட்டும் எழுதிவிடாதே.

நான் வரவா?

அம்மா